பிளவைத் தாண்டிய குச்சிக்கால்

மேற்குமலை உச்சியில் வரையாட்டு மந்தை ஒன்று இருந்தது. பாறைதான் வீடு. புல்தான் சாப்பாடு.

மந்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. மழைக்காலத்தின் முதல் மூடுபனி இறங்கும் நாளில் எல்லா ஆடுகளும் எதிர்மலைக்குப் போய்விடும். நடுவே ஒரு பிளவு. பத்து மரத்தை அடுக்கினாலும் மேலே எட்டாத ஆழம். ஒரே தாவலில் தாண்டவேண்டும். அந்த வருஷத்துக் குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். மற்றவர்கள் தங்கள் காலைத்தான் நம்பவேண்டும். தாண்டாதவர்கள் இந்தப் பக்கமே நிற்கவேண்டியதுதான். மழையோடு செந்நாய்க் கூட்டம் வரும். நின்றவர்களுக்கு என்ன ஆகும் என்று நான் வேறு சொல்லவேண்டுமா?

தும்பி என்ற பெண் ஆட்டுக்கு அந்த வருஷம்தான் முதல் தாவல். அதன் பின்னங்கால்கள் புல்தண்டு மாதிரி இருந்தன. பிளவில் பாதி அகலம்கூட இல்லாத ஒரு வெடிப்பைத் தாவிப் பார்த்தது. எட்டவில்லை. முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

வேங்கன் என்ற கிடா பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் தும்பியும் ஒரே வருஷத்துப் பிறப்பு.

“ஏய் குச்சிக்கால், செந்நாய்க்குக் கறிகூடத் தேறாதே உன்கிட்ட” என்றது.

“எலும்பு தேறும். போடா” என்றது தும்பி. வாய்தான் அப்படி. உள்ளுக்குள் பயம். மழைக்கு இன்னும் இரண்டு பௌர்ணமிதான் இருந்தது.

மறுநாள் அது உப்புப் பாறைக்குப் போனது. பாறையில் உப்பு கசியும் இடம் தலைக்கு மேலே இருந்தது. நிற்க நாலு விரல் அகல விளிம்பு. குளம்பின் நுனியை மட்டும் ஊன்றி, பின்னங்காலில் எம்பினால்தான் நாக்கு எட்டும். தும்பி எம்பியது, நக்கியது, இறங்கியது. எட்டாவது தடவை கெண்டைக்கால் நெருப்பாக எரிந்தது. ஏறும்போதைவிட, மெல்ல இறங்கும்போதுதான் அதிக எரிச்சல்.

அடுத்த நாள் நடக்கவே முடியவில்லை. கெண்டைச்சதை கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு நாள் படுத்துக் கிடந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி போனது. இப்போது பத்துத் தடவை எம்பியது.

தும்பிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முந்தாநாள் அழவைத்த பாறை இன்று அழவைக்கவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவில்லை. கொஞ்சம் நோவு, கொஞ்சம் புல், கொஞ்சம் தூக்கம். அதிலிருந்து பலம் எப்படி வந்தது? தன் காலையே யாரோ பெரியவர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

இருபது தடவை சுலபமானதும் ஒற்றைக் காலில் எம்பியது. அது சுலபமானதும் இன்னும் மெதுவாக இறங்கியது. ஒரு நாள் எம்பினால் ஒரு நாள் ஓய்வு. அவ்வளவுதான் வித்தை.

அடிவாரத்தில் ஒரு நரி இருந்தது. வரையாட்டைத் துரத்திப் பிடிக்க அதற்குத் துப்பில்லை. பிளவில் ஏதாவது விழுந்தால் தின்னலாம் என்று காத்திருந்தது. மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது வேங்கனிடம் வந்தது.

“மாப்பிள்ளை, நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. கொம்புக்குக் கேட்கவே வேண்டாம். கெண்டைக்கால்தான் கொஞ்சம் சப்பை.”

வேங்கனுக்குச் சுருக்கென்றது. “என்ன செய்யலாம் நரியண்ணே?”

“முட்டிக்குக் கீழே காட்டுக்கொடியை இறுக்கிக் கட்டணும். பத்தே நாள். கால் தானா உருண்டு வரும். நான் கட்டிவிடறேன், காட்டு.”

காட்டியது. கட்டியது. கால் உருண்டுதான் வந்தது. ஒன்பதாம் நாள் பூசணிக்காய் மாதிரி ஆயிற்று. வேங்கன் சுனைக்கரையில் நின்று தண்ணீரில் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

தும்பி அந்தக் காலை மூக்கால் அழுத்திப் பார்த்தது. குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவே இல்லை.

“வேங்கா, இது சதை இல்லடா. வீக்கம். அவிழ்த்துப் போடு.”

“பொறாமை” என்றது வேங்கன்.

மறுநாள் மூடுபனி இறங்கியது. கீழ்க்காட்டில் செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது. மந்தை ஒவ்வொன்றாகத் தாவியது. தும்பியின் முறை வந்தது. பிளவின் ஓரத்தில் நின்றது. கீழே பார்க்கவில்லை. பின்னங்காலை மடக்கியது. ஊன்றியது.

பனிக்குள் ஒரு கல் பறந்தமாதிரி இருந்தது. எதிர்மலையின் விளிம்பில் அல்ல, விளிம்பைத் தாண்டி மூன்று முழம் உள்ளே போய் இறங்கியது. மந்தை மேய்ச்சலை மறந்து நின்றது. தும்பியும் திரும்பிப் பிளவைப் பார்த்தது. இவ்வளவு தூரமா நான் வந்தேன் என்று அதற்கே உடம்பு சிலிர்த்தது.

மிச்சம் வேங்கன் மட்டும்தான். கால் மரத்துக் கிடந்தது.

“தாவு மாப்பிள்ளை! யானைக்கால் உனக்கு!” பிளவுக்குள்ளிருந்து நரியின் குரல் வந்தது.

நரி ஏன் அங்கே போய் நிற்கிறது? வேங்கனுக்கு அப்போதுதான் புரிந்தது.

“கொடியைக் கடிடா” என்று கத்தியது தும்பி. “ரத்தம் ஓடட்டும். அதுவரை தாவாதே.”

வேங்கன் கடித்து அறுத்தது. காலை உதறியது. ஆயிரம் எறும்பு ஊர்வதுபோல உணர்ச்சி திரும்பியது. சீழ்க்கை மிக அருகில் வந்துவிட்டது. முதல் செந்நாய் பாறைமேல் தலைகாட்டியபோது வேங்கன் தாவியது.

முன்னங்கால் மட்டும் விளிம்பைத் தொட்டது. உடம்பு பிளவுக்குள் தொங்கியது.

தும்பி பாய்ந்துவந்து அதன் பிடரியைக் கவ்வியது. தன்னைப்போல ஒன்றரை மடங்கு கனம். குளம்பின் நுனியைப் பாறையில் ஊன்றியது. கெண்டைக்கால் எரிந்தது. அந்த எரிச்சலை அது நன்றாக அறியும். மெல்ல, மிக மெல்ல, பின்னால் நகர்ந்தது. ஒருமுறைகூட அந்தக் குச்சிக்கால் நடுங்கவில்லை. வேங்கன் மேலே வந்து தும்பியின்மீதே விழுந்தது.

கீழே நரி பசியோடு நடையைக் கட்டியது.

“குச்சிக்கால்னு சொன்னேனே” என்றது வேங்கன், மூச்சு வாங்க.

“இப்பவும் குச்சிதான். மேலே இருந்து எழுந்திரு, கனக்குது” என்றது தும்பி.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதெல்லாம் பலம் ஆகாது. நோவைப் பொறுத்து, நாள் விட்டு நாள் உழைத்து வளர்த்ததே ஆபத்தில் நம்மையும் தாங்கும், அடுத்தவரையும் தாங்கும்.