நஞ்சு வெளியேறும் வழி

“இதுக்கு மேல என்னால முடியாது மேடம். ஆராய்ச்சியை விட்டுடுறேன்னு நானே எழுதிக் குடுத்துடுறேன்.”

ஞானதிரவியம் சொல்லிவிட்டு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்த மனிதர். அவருடைய வழிகாட்டி மெஹர்பானு வயதில் ரொம்ப இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

“திங்கட்கிழமை உங்க ஆராய்ச்சியை மதிப்பிடுற குழு வருது. இந்தத் தடவையும் நீங்க கையை விரிச்சா அவங்களே அனுப்பிடுவாங்க. உங்களுக்கு என்ன சார் அவ்வளவு அவசரம்?”

அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு பாக்டீரியா. பயிரைத் தின்னும் புழுவைக் கொல்கிற நஞ்சைத் தன் உடம்புக்குள்ளேயே தயாரிக்கிறது. அந்த நஞ்சு பெரிய புரதம். அது வெளியே வர ஏதாவது வாசல் இருக்க வேண்டும். அந்த வாசலைத்தான் ஞானதிரவியம் மூன்று வருஷமாகத் தேடுகிறார்.

சந்தேகப்பட்ட வாசலையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தாயிற்று. புழு என்னவோ செத்துக்கொண்டேதான் இருந்தது.

“எப்படிப் பார்க்குறீங்கன்னு காட்டுங்க.”

மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்தார். நஞ்சு இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தார். பக்கத்துத் திரையில் பாக்டீரியாக்கள் தெரிந்தன.

திருகைத் திருப்பினார். ஸ்லைடு சட்டென்று நகர்ந்தது.

“ஏன் நகர்த்துனீங்க?”

“ஒண்ணு வீங்கிப்போய்க் கிடந்துது மேடம். அது சீக்கு. எப்பவும் ஒண்ணு ரெண்டு அப்படிக் கிடக்கும். நான் நல்லதைத்தான் பார்ப்பேன்.”

“பின்னால போங்க.”

போனார். மற்றவையெல்லாம் ஒல்லியாக, இருட்டாக இருந்தன. அது மட்டும் குண்டாக, பச்சைப்பசேல் என்று இருந்தது.

அவர் விரல் தானாகவே திருகுக்குப் போனது.

மெஹர்பானு மேசையில் இருந்த ஸ்கேலை எடுத்து அந்த விரலில் ஒன்று வைத்தார்.

“ஆ!”

எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். இன்றைக்கு வாங்கினார்.

“பேசாம பாருங்க.”

பார்த்தார்கள். டீ வந்து ஆறிப்போனது. பாக்டீரியா இன்னும் வீங்கியது.

பிறகு வெடித்தது.

“ஐயையோ!”

பச்சை நாலாபக்கமும் பரவியது. வெறும் தோல் மட்டும் மிச்சம்.

ஞானதிரவியம் திரையை நெருங்கிக் குனிந்தார்.

“மேடம்... அப்ப வாசலே கிடையாதா?”

மெஹர்பானு திரையில் மற்ற பாக்டீரியாக்களைக் காட்டினார்.

“மத்ததெல்லாம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரியுதுங்களே! கூடப் பொறந்தது செத்துக் கிடக்கு!” அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

“இனி புழு சாகும். மிச்சமிருக்கிறதுங்க அந்தப் புழுவைச் சாப்பிடும்” என்றார் மெஹர்பானு.

ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“திங்கட்கிழமை என்ன சொல்லப் போறீங்க?”

“உடைஞ்சுதான் வெளிய வருதுன்னு சொல்லுவேன்.”

“ஒரு தடவை பார்த்ததை வெச்சா? இன்னும் காட்டுன்னு கேப்பாங்களே. எங்க போய்த் தேடுவீங்க?”

“மூணு வருஷமா அதைத் தள்ளிவிட்டவன் நான்” என்றார் ஞானதிரவியம். “அது எங்க இருக்கும்னு என்னைவிட யாருக்கு மேடம் தெரியும்?”