உருளாத சாணம்

காடு ஒன்று. பாதி நாள் பனியிலும் மீதி நாள் தூக்கத்திலும் கிடக்கும். அதன் ஓரம் ஆறு. ஆற்றோரம் வாதாம் மரங்கள். சிவந்த இலைகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும்.

அங்கே ஒரு பன்றிக்கூட்டம். மழை இறங்கினால் அந்தக் கரை முழுகிவிடும். அதற்குள் அக்கரை போயாக வேண்டும். குட்டிகளுக்கு மட்டும் ஒரு சோதனை. ஈரச் சேற்றில் காலை வைக்க வேண்டும். குளம்பு முழுதும் பதிந்தால் ஆற்றில் இறங்கலாம். பதியாவிட்டால் கனம் போதாது. நீர் இழுத்துப் போய்விடும்.

முழியன் என்ற குட்டிக்குப் பதியவில்லை.

"ஒரு மாதம் தருகிறேன், தேறு," என்றாள் கூட்டத்தை நடத்தும் பெரியம்மா. "இல்லையென்றால் இங்கேயே கிட. தண்ணீரோடு போக உன்னை விடமாட்டேன். உனக்காக மற்றவர்களை நிறுத்தவும் மாட்டேன்."

புதருக்குள் இருந்த நரியின் காதில் இது விழுந்தது. முழியன் தனியாக இருக்கும்போது வந்தது.

"மருமகனே, கனம்தானே வேண்டும்? வாதாங்கொட்டையை உடைத்துத் தின். பருப்பெல்லாம் எண்ணெய். அப்படியே உடம்பில் ஒட்டும். கோரை, கிழங்கு, அதெல்லாம் மாட்டுத் தீனி. தொடாதே."

"மெய்யாகவா மாமா?"

"உன்னிடம் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?"

கிடைக்கப்போவது முழு முழியன்.

குட்டி நம்பியது. கொட்டை கொட்டையாகத் தின்று, சிவந்த இலைகளின்மேல் படுத்தது. கனவில் முழியன் ஒரு யானை. ஆறு அவன் முழங்காலுக்குத்தான் வந்தது. கால்களின் இடையே மீன்கள் மெல்ல நீந்திப் போயின.

"டேய்! எவன்டா இவன்?"

கனவு கலைந்தது. எதிரே சாணவண்டு. உடம்பெல்லாம் பிசுபிசுப்பு.

"இது சாணமா, குழம்பா? கால் வைத்தால் வழுக்குகிறது. தின்ற எண்ணெய் அப்படியே வந்து கிடக்கிறது. உருண்டை பிடிக்காமல் என் முட்டையை எதில் வைப்பேன்?"

முழியன் தன் வயிற்றைப் பார்த்தான். ஒட்டிப்போயிருந்தது.

"அப்படியானால் இனிக் கொட்டையே வேண்டாம் அக்கா."

மறுநாளிலிருந்து வெறும் கோரை. முற்றல், காய்ந்தது, எல்லாம். வயிறு உப்பியது. கனவில் இப்போது அவன் மேகம். தூங்கிக்கொண்டே மலைமேல் மிதந்தான்.

"ஆளே மாறிவிட்டாய் மருமகனே!" என்றது நரி.

முழியன் ஓடிப்போய்ச் சேற்றில் கால் வைத்தான். முன்பு பதிந்த அளவுகூடப் பதியவில்லை. மேகம் பெரியதுதான். கனம் ஏது?

வண்டு மறுபடி வந்து நின்றது.

"அன்று குழம்பு. இன்று வைக்கோல். உள்ளே போன கோரை நிற்காமல் ஓடி வந்திருக்கிறது. உருட்டினால் உதிர்கிறது!"

"பின்னே எதைத்தான் தின்பது?"

"நான் என்ன வைத்தியக்காரியா? வயிறு உன்னுடையது. நீயே யோசி."

முழியன் அன்று தூங்கவில்லை, யோசித்தான். பிறகு இளங்கோரையும் கிழங்கும் வயிறாரத் தின்றான். கூடவே நாலே நாலு கொட்டை. அந்த எண்ணெய், ஓடும் கோரையை மெல்ல நடக்க வைத்தது. அந்த நார், வழுக்கும் எண்ணெயைப் பிடித்து வைத்தது. வயிறு தன் வேலையைச் செய்ய நேரம் கிடைத்தது.

சில நாளில் வண்டு கச்சிதமாக ஓர் உருண்டை பிடித்தது. அப்போதும் முணுமுணுப்புதான்.

"ஒரு பருப்பு வாசனைகூட இல்லை. எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொண்டாயே, கஞ்சப்பயலே!"

மாதம் முடிந்தது. மலைமேல் இடி. முழியனின் குளம்பைச் சேறு முழுதாக விழுங்கியது. பெரியம்மா குனிந்து பார்த்தாள்.

"இறங்கு."

பனி படர்ந்த நீரில் மூக்குகள் வரிசையாகப் போயின. நடுவில் சுழல் முழியனை இழுத்தது. அவன் காலை உதைத்து நீந்தினான். வரிசை கலையவில்லை.

நரி நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது.

"அந்தக் குட்டி எங்கே?"

"அக்கரையில்," என்றது வண்டு, மேட்டை நோக்கி உருட்டியபடி. "வழியை விடு."

நீதி: சத்துள்ளதே ஆனாலும் ஒன்றையே தின்றால் உடம்பில் ஒட்டாது, செரித்ததுதான் பலம்.