நீட்டி வைத்த கல்

தாழைத்துறை மாதா கோயிலை எப்போது கட்டத் தொடங்கினார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எப்போது முடியும் என்பதும் தெரியாது.

அந்த ஊர்த் தோணிகள் அக்கரைக்குச் சரக்கு கொண்டுபோகும். வெறுந்தோணியாகத் திரும்பினால் காற்றில் கவிழ்ந்துவிடும் என்று அடியில் கல்லை ஏற்றிக்கொண்டு வருவார்கள். கரையில் இறக்கும் கல்லெல்லாம் கோயிலுக்கு. கல் சேர்ந்த மட்டும் கட்டுவார்கள், தீர்ந்தால் நிறுத்துவார்கள். முதலில் வந்தவர்கள் பீடத்தைக் கட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் அதோடு சேர்த்துக் கூடத்தை இழுத்தார்கள். கூடத்தின் மேற்கு முனை இன்னும் திறந்துதான் கிடந்தது. அங்கே ஓலைத்தட்டி கட்டி வைத்திருந்தார்கள். திருவிழா வந்தால் பாதி சனம் வெளியே மணலில் நின்று காயும்.

கயித்தான் அப்படி ஒரு தோணிக்குத் தலைவராக இருந்து ஓட்டிய தண்டல். மனைவி இறந்தபிறகு தோணியை மகனிடம் விட்டுவிட்டு, கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த தொபியாஸ் சாமியாரிடம் சீடனாகச் சேர்ந்தார். சாமியாருக்கு அந்த மகன் வயதுதான் இருக்கும். ஊர் சிரித்தது. புயலையே பார்த்தவர் ஊர்ச் சிரிப்பையா பெரிதாக எடுத்துக்கொள்வார்?

அவருடைய பயம் வேறு. ஒருமுறை தோணி உடைந்து நடுக்கடலில் கிடந்தபோது, "தாயே, கரை சேத்துவிடு, உன் கோயில நான் முடிச்சுத் தாரேன்" என்று நேர்ந்துகொண்டார். எங்கிருந்தோ வந்த தோணியிலிருந்து ஒருவன் கை நீட்டித் தூக்கிப் போட்டான். கரை சேர்ந்தார். கோயில்தான் முடியவில்லை. இப்போது நெஞ்சில் வலி வந்து வந்து போகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று தவித்தார், பாவம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் உளியும் சுத்தியலுமாகச் சாமியார் முன்னால் வந்து நின்றார்.

"சாமி, திருவிழாவுக்குள்ள கோயில முடிச்சிருவோம்."

"எப்படி அண்ணாச்சி?"

"மேக்க ரெண்டு சுவரு முனையிலயும் கல்லு ஒண்ணுவிட்டு ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குதுல்லா? பாக்கவே சகிக்கல. அத வெட்டி எறிஞ்சிட்டுக் குறுக்க ஒரு சுவரு. நடுவுல வாசல், மேல சிலுவை. முடிஞ்சுது சோலி."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். முடிஞ்சிட்டுன்னு என் வாயால ஒரு தடவ சொல்லணும் சாமி."

வேண்டாம் என்று சாமியார் சொல்லவில்லை. எதையும் நேராகச் சொல்லுகிற பழக்கம் அவருக்கு இல்லை; சொல்லியிருந்தால் இவர் நம் சாமியார்தானா என்று கயித்தானுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"நல்ல காரியம். செபம் சொல்லிட்டுத் தொடங்குவோம்" என்று கூடத்தை ஒட்டியிருந்த தெற்கு அறைக்குக் கூட்டிப்போனார்.

முழங்கால் போட்டதும் கயித்தானின் வழுக்கைத் தலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"சாமி, ஒழுகுது."

"தள்ளிக்கிடுங்க."

தள்ளினார். அங்கேயும் விழுந்தது. இன்னும் தள்ளினார். அங்கே பிடரியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். கூடத்துச் சுவரும் அறைச் சுவரும் சேருகிற இடத்தில் விரல் நுழைகிற மாதிரி மேலிருந்து கீழே விரிசல். அடைத்த சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

"இங்க நிம்மதியா ஒரு மந்திரம் சொல்ல முடியுதா? பீடத்துப் பக்கம் போயிருவோம் சாமி."

பீடத்தின் அருகே தரை காய்ந்து கிடந்தது. வெளியே மழை வெளுத்து வாங்கியது. இருவரும் செபத்தை முடித்தார்கள்.

"அண்ணாச்சி, பீடம் கட்டினவங்க வேற, கூடம் கட்டினவங்க வேற. எந்த இடத்துல சேத்தாங்க, காட்டுங்க பாப்போம்."

கயித்தான் சுவரைத் தடவிக்கொண்டே போனார். தடவிக்கொண்டே திரும்பி வந்தார். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே அடுத்த தலைமுறைக் கல் புகுந்து, இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி இருந்தது.

"பிடிபடல சாமி."

"கட்டினது யாரு?"

"யாரு கண்டா? அந்தக் காலத்து ஆளுக."

"தெக்குச் சுவர முடிச்சது?"

"அதான் பேரு வெட்டியிருக்கே, ஊருக்குத் தலைவரா இருந்த பட்டங்கட்டி. தன் காலத்துலயே முடியணும்னு ஒத்தக் கால்ல நின்னு, வழுவழுன்னு பூசி முடிச்சாரு. பொறவு வந்தவங்க அறைய அதுல ஒட்டவச்சாங்க. பிடிக்க ஒரு கல்லு இல்ல, எப்படி ஒட்டும்?"

சொல்லிவிட்டுக் கையிலிருந்த உளியைப் பார்த்தார்.

அதைக் கீழே வைத்துவிட்டு மேற்கு முனைக்குப் போனார். ஓலைத்தட்டியை விலக்கி, துருத்திய கல் ஒன்றின்மேல் கை வைத்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்ப என் நேர்ச்சை? நான் முடிக்காமலே போயிருவேனே சாமி. மாதா கேட்டா என்ன சொல்லுவேன்?"

"கடல்ல உங்களத் தூக்கினவன் பேரு என்ன அண்ணாச்சி?"

"தெரியாது."

"ஊரு?"

"தெரியாது சாமி. அந்த இருட்டுல மொகம்கூடத் தெரியல. நீட்டின கை மட்டுந்தான் தெரிஞ்சுது."

கயித்தான் வெகுநேரம் அந்தக் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.

மழை விட்டதும் மகனுடைய தோணி கரைக்கு வந்தது. இறக்கிய கல்லில் நல்லதாக ஒன்றைக் கயித்தானே தூக்கிக்கொண்டு வந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, சுண்ணாம்பு பூசி, கூடத்துச் சுவரின் மேற்கு முனையில் அதை வைத்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சாமியாரைக் குனிந்து பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சாமி, எம்புட்டு வெளிய நீட்டணும்?"

"ஒரு கை பிடிக்கிற அளவுக்கு."