தலைவர் மூக்கில் ஒரு தையல்

விடிந்தால் வீட்டுக்கு மந்திரி வருகிறார். ஆடிக்காற்றிலோ தோட்டத்து வாழையிலையெல்லாம் நார் நாராகிவிட்டது. பேரூராட்சித் தலைவர் சிங்காரவேலு, தோட்டக்காரி பேச்சித்தாயைப் பிடித்துக்கொண்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள ஒரு இலையிலயும் கிழிசல் இருக்கக் கூடாது. இருந்தா உனக்கு இங்க வேலை இல்ல!"

பேச்சித்தாய் கோணி ஊசியோடு வாசலுக்குப் போனாள். அங்கே கட்டியிருந்த தலைவரின் பேனரில் பிறை பிறையாக வெட்டுகள். மூக்கில் இருந்த வெட்டை முதலில் தைத்தாள்.

தலைவர் பதறி ஓடி வந்தார். "ஏய், காத்து போறதுக்குன்னு வெட்டினது அது! அடைச்சா பேனர் சாஞ்சிராதா?"

"உங்களுக்கு வெட்டிவிட ஆள் இருக்குய்யா. வாழை பாவம், தானே கிழிச்சுக்கிட்டு சாயாம நிக்குது."

தலைவர் வாழையைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"சரி தாயி, இலை அப்படியே இருக்கட்டும். முதல்ல என் மூக்கைப் பிரிச்சு விடு, மூச்சு முட்டுது!"