எடை மேடைக் கம்ப்யூட்டர்

எனக்குத் தீங்கு செய்தவர் சர்க்கரை ஆலை மேலாளர் குலசேகரன். கரும்பு எடையில் குறை என்று விவசாயிகள் கேட்க வந்த அன்று, எடைப் பதிவெல்லாம் அழிந்து கிடந்தது. அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் அதை அழிக்க முடியாது.

“என் பாஸ்வேர்டைத் திருடி, இந்த எடை மேடைக் கம்ப்யூட்டரில் போட்டு அழித்தவன் மாசிலாதான். இன்றோடு இவனுக்கு வேலை இல்லை” என்றார் அவர், எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி.

இருபத்தாறு வருடம் அங்கே கூட்டிப் பெருக்கியவன் நான்.

“ஐயா, நான் எப்படி அழிச்சேன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. பார்த்துட்டுப் போயிடறேன்” என்றேன்.

“உனக்கு அதையும் நானே காட்டணுமாடா?” என்று சிரித்தபடி பாஸ்வேர்டைத் தட்டினார். கம்ப்யூட்டர் அவரை உள்ளே விடவில்லை. மூன்று முறை தட்டியும் விடவில்லை.

“போன மாசம் நீங்கதானே ஆள் வரவழைச்சு, அட்மின் வேலை உங்க ரூம் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் நடக்கணும்னு மாத்தி வச்சீங்க? வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் நான். அந்த ரூமோட ஒரே சாவி உங்க பையில இருக்குங்க.”

கூட்டம் அவர் பையைப் பார்த்தது.

அவர் வேலை போனது. என் வேலை நிலைத்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் திருடன் என்றவர், அவர்கள் முன்னால் நான் அப்படி இல்லை என்று இன்னும் சொல்லவில்லை. மூன்று வருடம் ஆகிறது. கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.