ஒரு சொட்டுகூட உள்ளே போகாத வண்டி

நண்டுவாய்ப்பட்டினத்துக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்ட மாட்டார்கள். அந்த ஊருக்கு இருக்கிற ஒரே ஆபத்து அதுதான்.

அங்கே லாசர், தொம்மை, குரூஸ் என்று அண்ணன் தம்பி மூன்று பேர் மீன்பிடிக்கிற பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடும் கொட்டகை வைத்திருந்தார்கள். மூத்தவன் லாசருக்குப் பக்கத்து ஊர் பிலோமி மேல் கொள்ளை ஆசை. அவளுக்கும் சம்மதம். அவள் அப்பாதான், "மூணும் மரமண்டைல்லா" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பிலோமியின் அண்ணன் ஜெரால்டு தன் ஜெட் ஸ்கியைக் கொண்டுவந்து இறக்கினான். கடலில் ஓடுகிற ஸ்கூட்டர் மாதிரி. ஆனால் சீட் கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். பாறையில் மோதி அடிவயிறு கிழிந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை திருவிழாவுல அப்பா முன்னால இதை ஓட்டிக் காட்டணும்லே. நல்லா ஓடிச்சுன்னா உன் கல்யாணத்தை அங்கயே பேசி முடிச்சுருதேன். தண்ணி உள்ள போக ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. நான் நிக்கிற இடமும் வழுக்குது, அதையும் கவனி."

அவன் போனதும் தொம்மை வண்டியைச் சுற்றி வந்தான்.

"அண்ணே, சீட்டைக் காணும்."

"களவு போயிருக்கும்."

"பாவம். வெளிய சொல்ல வெக்கப்பட்டுத்தான் நின்னுட்டே ஓட்டுதாரு போல."

மச்சானின் மானம் முக்கியம். சீட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று மூவரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

ஒட்டுப்போடுகிற ரெசின் பசையைத் தோசைமாவுப் பதத்தில் எடுத்து, அதை இறுகவைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குரூஸ், பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி, "சமத்துல்லா, இன்னும் ஒரு வாய்" என்று பாட்டில் முழுவதையும் ஊட்டிவிட்டான். டப்பா புகைந்தது.

"அண்ணே, உடம்பு கொதிக்குது!"

"ஈரத்துணி போடுலே."

போட்டார்கள். காய்ச்சல் இறங்கியபோது ரெசின் கல்லாகியிருந்தது.

அடுத்த டப்பாவில் பழுதில்லை. கிழிசலை அழகாக மூடினார்கள். அப்புறம்தான் லாசர் அடியில் குனிந்து பார்த்து அலறினான்.

"லே, இங்க தலையே நுழையும்போல ஒரு ஓட்டை!"

"பின்னாலயும் ஒண்ணு இருக்குண்ணே!"

"பாறை ஒண்ணுதான் போட்டிருக்கு, கம்பெனிக்காரன் ரெண்டு போட்டிருக்கான். இவனுக்குப் பாறையே தேவலை."

இரண்டையும் அடைத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தார்கள். திருவிழா அன்று காலையில், ஜெரால்டு நிற்கிற இடத்தில் ரெசினை இறுகவிடாமல் பிசுபிசுவென்று பூசினார்கள்.

கரையெல்லாம் கூட்டம். ஜெரால்டு வெறுங்காலோடு ஏறி நின்று என்ஜினைப் போட்டான். வண்டி கத்தியது, நகரவில்லை. கரைக்காற்று மட்டும் அதை மெல்லக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. குதிக்கப் பார்த்தான். கால் வரவில்லை.

"பாத்தீங்களா மாமா," என்றான் லாசர் பிலோமி அப்பாவிடம் பெருமையாக, "கொஞ்சமாவது வழுக்குதா?"

கடலிலிருந்து ஜெரால்டு கத்தினான்: "அடியில ஓட்டை வழியாத் தண்ணி உள்ள போனாத்தாம்லே ஓடும்! எதுக்குலே அடைச்ச?"

மாமா லாசரின் சட்டையைப் பிடித்தார். "என் மவனைக் கொண்டாந்து சேரு. பிலோமி பேச்செல்லாம் அதுக்கப்புறம்."

மூவரும் ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்கள். துடுப்புப் போட்டுத் தோள் கழன்றது. ஜெரால்டு சின்னதாகிக்கொண்டே போனான்.

"நம்ம வள்ளம் மட்டும் ஏண்ணே இப்படி ஊருது?" என்றான் தொம்மை.

லாசர் துடுப்பை நிறுத்தி யோசித்தான். முகம் வெளிறியது.

"மச்சான் இப்பதான சொன்னாரு. நம்ம வள்ளத்துக்கு அடியில ஓட்டையே இல்லயே!"

"தாத்தா காலத்துலேர்ந்து இப்படியேவா ஓட்டுதோம்?" என்று குரூஸ் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

தொம்மை வள்ளத்தில் கிடந்த உளியை எடுத்தான்.

"பெரிசாப் போடுலே, மச்சான் அவசரத்துல இருக்காரு" என்றான் லாசர்.

தண்ணீர் பீறிட்டது. மூவரும் விறைப்பாக உட்கார்ந்து வேகத்துக்குக் காத்திருந்தார்கள். முழங்கால், இடுப்பு, கழுத்து. வள்ளம் கீழே போய்விட்டது.

வேறு வழியில்லாமல் ஜெரால்டு, ஒட்டிய காலோடு குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவித் துழாவி, திட்டிக்கொண்டே இவர்களைக் காப்பாற்ற வந்தான்.

அதைப் பார்த்ததும் லாசர் மோவாயைத் தண்ணீருக்கு மேல் தூக்கி, கரையைப் பார்த்துக் கூவினான்:

"மாமா! வண்டி ஓடுது! தேதி குறிச்சுருங்க!"