மூணு பத்தும் ஒரு முப்பதும்

"மேடம், என்னை அந்தக் குழுவுல இருந்து எடுத்துவிடுங்க. நான் தனியாவே செஞ்சு தந்துடுறேன்."

இருதயராஜ் இப்படிக் கேட்டபோது நஸ்ரின் மேடம் திரையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

இருதயராஜுக்கு வயது நாற்பத்துநாலு. கமுதிப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஆள். இந்த ஆன்லைன் நூலகப் படிப்பில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் அவர் நாற்காலியில் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மேடத்துக்கு இருபத்தொன்பதுதான். என்ன செய்ய, மார்க் போடுவது அவர்தான்.

குழுவில் மூன்று பேர். மற்ற இரண்டு பேர் திண்டிவனத்து வேலவன், பெருந்துறை கோமளா. அவன் வாயைத் திறக்க மாட்டான். அவள் மூட மாட்டாள்.

வேலை இதுதான். முப்பது புத்தகத்துக்கு ஒரு பட்டியல் போட வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண். கூடவே, வாசகர் அதை எந்தச் சொல்லைச் சொல்லித் தேடுவார் என்றும் எழுத வேண்டும். மூன்று பேரும் இணையத்தில் ஒரே தாளில்.

ஆளுக்குப் பத்து என்று முதல் நாளே இருதயராஜ் பிரித்துவிட்டார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. யாரும் யாரோடும் பேசவே தேவைப்படவில்லை.

அதைத்தான் மேடம் திருப்பி அனுப்பியிருந்தார்.

"என் பத்துல தப்பு இருக்கா மேடம்?"

"இல்ல சார்."

"அவங்க பத்துல?"

"அதுலயும் இல்ல. மூணு பத்து இருக்கு. முப்பது எங்க?"

அழைப்பு முடிந்துவிட்டது.

இருதயராஜ் எண்ணிப் பார்த்தார். முப்பது. கீழே இருந்து மேலே எண்ணினார். அப்பவும் முப்பது.

மேடம் சொன்னதுக்கு என்ன அர்த்தம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். கோமளா பதினாலு குரல் செய்தி அனுப்பினாள். ஒன்றைக் கேட்டதுமே அவருக்குத் தலை வலித்தது. வேலவன் ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.

சரி, மூன்று கை பட்டதுதான் கோளாறு போல என்று அவராக முடிவு பண்ணிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மற்ற இரண்டு பேர் எழுதியதையும் அழித்துவிட்டு முப்பதையும் தானே எழுதினார். முதுகு போச்சு. ஆனால் சுத்தமான வேலை.

திங்கட்கிழமை அதுவும் திரும்பி வந்தது.

"இப்ப முப்பது இருக்கு. மூணு பேர் எங்க?"

அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கோபம் வேறு.

"மேடம், எதுவா இருந்தாலும் நேராச் சொல்லுங்க. விடுகதை போடுற வயசு எனக்குத் தாண்டிருச்சு."

மேடம் கோபப்படவில்லை. நாளைக்கு வகுப்புக்கு ஒரு வாசகர் வருவார் என்றார். அவர் கேட்பதை இந்தப் பட்டியலில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், பாஸ்.

இவ்வளவுதானா என்று இருந்தது இருதயராஜுக்கு. பதினோரு வருஷமாக அவர் செய்கிற வேலையே அதுதானே.

மறுநாள் வந்தவர் பச்சையப்பன், செஞ்சிப் பக்கத்து விவசாயி. போனை எப்படியோ பிடித்திருந்தார். பாதி முகம், பாதி வானம்.

"மல்லாட்டை செடி மஞ்சளாப் பூடுது. அதுக்கு எதனா புக்கு இருக்குதா?"

அப்படி ஒரு செடியை இருதயராஜ் கேள்விப்பட்டதே இல்லை. பட்டியலில் போட்டுத் தேடினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை தேடினார்.

"நம்ம பட்டியல்ல இல்லைங்கய்யா."

"செரி, இல்லன்னா என்னா பண்றது."

முகமும் வானமும் போய்விட்டன.

மேடம் ஒன்றும் விளக்கவில்லை. நாளைக்கு வேறு ஊரில் இருந்து இன்னொருத்தர் வருவார், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மூன்று பேர் மட்டும் மிச்சம்.

இருதயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். இல்லாத புத்தகத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

வேலவன் தொண்டையைச் செருமினான்.

"சார், அது இருக்கு. பதினேழாவது புத்தகம்."

பார்த்தார். நிலக்கடலைப் பயிர் நோய்கள். தேடும் சொல்: நிலக்கடலை. அவர் கையாலேயே எழுதியது.

"இதுக்கா மல்லாட்டைன்னு பேரு?"

"எங்க ஊர்ல நிலக்கடலைன்னு சொன்னா கவர்மென்ட் ஆபீசர்னு நெனப்பாங்க சார்."

"அடப்பாவி, இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"



"அது என் பத்துல இல்லையே சார்."

இருதயராஜ் பதினேழுக்கு எதிரே மல்லாட்டை என்று சேர்த்தார். பதினெட்டுக்குப் போகப் பார்த்தவர், போகாமல் அங்கேயே நின்றார்.

"ஏம்மா கோமளா, உங்க பக்கம் இதை என்னன்னு கேப்பாங்க?"